வாதாவி வென்று மீண்ட சிறுத்தொண்ட நாயனார்

சிறுத்தொண்ட நாயனாரை அறியாத சைவ மாணவர் இலர். ஆயினும், பிள்ளையைக் கறியாக்கிப் படைத்தவர் என்ற ஒரு தொடரிலே அவர் வாழ்வு முழுவதையும் அடக்கிவிடுதல் நம்முட் பலர்க்கு வழக்கமாயிற்று. அவர் சேனாபதியாயிருந்த காலத்தை இரண்டொரு வாக்கியத்திற் கூறி முடித்து, வைரவ வேடங்கொண்டு வந்த அடியாரிடத்திற்கு விரைந்து சென்றுவிடுகின்றோம். யாம் ஈண்டு அவரைப் போர்த்தொழிலினின்றும் நீங்கி வீடு வந்து சேர்ந்த ஒரு வீரராக வைத்து நோக்கப் புகுகின்றோம். அதற்குக் காரணமுண்டு. கல்முனை தொடங்கித் திருக்கோவில் வரையுமுள்ள இக்கடற்கரை ஊர்களிலே, 1983ஆம் ஆண்டு தொடங்கி 2009இல் முடிந்த போரினாற் கணவரை இழந்த பெண்களும் தந்தையரை இழந்த மக்களும் தமிழர், முஸ்லிம்கள் என்னும் இருசாராரிடத்தும் உளர். ஆயுதம் ஏந்தியவனுடைய பேரனும் ஆயுதத்தால் மாண்டவனுடைய பேரனும் ஒரே வாங்கில் அமர்ந்திருக்கும் வகுப்பிலே, ஒரு சேனாபதியின் சரித்திரத்தை எவ்வாறு சொல்லுதல் தகும் என்னும் வினா ஆசிரியர்க்கு எழாமலிராது.

நாயனார் சோழநாட்டிலே, திருமருகலுக்கும் திருப்புகலூருக்கும் அண்மையிலுள்ள திருச்செங்காட்டங்குடியிலே, மாமாத்திரர் மரபிலே அவதரித்தவர். பிள்ளைத்திருநாமம் பரஞ்சோதியார். ஆயுள்வேதம், வடநூற்கலைகள், படைக்கலப் பயிற்சி, யானையேற்றம், குதிரையேற்றம் என்னும் இவையனைத்தையும் முறையே கற்றுத் தேர்ந்தார். நோயை நீக்கும் நூலையும் உயிரை நீக்கும் கலையையும் ஒருவரே கற்றமை நோக்கற்பாலது. கற்ற கலைகளெல்லாவற்றிற்கும் முடிவு சிவபெருமான் திருவடியே என்னும் தெளிவு அக்காலத்திலேயே அவர்க்கு வாய்த்திருந்தது என்பர் சேக்கிழார் பெருமான். ஆகவே, பக்தி அவர்க்குப் போரின் பின் வந்ததன்று; வாளை எடுக்குமுன்னரே உள்ளிருந்தது.

அவர் ஊழியஞ் செய்த அரசன் இன்னானென்று பெரியபுராணம் பெயர் கூறவில்லை. வாதாவி என்னும் நகர்ப்பெயர் ஒன்றே காட்டி நிற்கின்றது. அந்நகர் இக்காலத்துக் கன்னட நாட்டிலுள்ள பாதாமி. சளுக்கிய அரசனாகிய இரண்டாம் புலிகேசி அங்கிருந்து ஆண்டான். அவன் பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்கச் செய்தான் என்று 634ஆம் ஆண்டிற்குரிய ஐகொளெக் கல்வெட்டுப் பெருமை பேசுகின்றது. பின்னர் முதலாம் நரசிங்கவர்ம பல்லவன் காலத்திலே நிலைமை தலைகீழாயிற்று. மணிமங்கலம் முதலிய இடங்களிலே புலிகேசி முறியடிக்கப்பட்டான் என்று கூரம் செப்பேடு கூறுகின்றது. ஏறக்குறைய 642ஆம் ஆண்டிலே பல்லவர் படை வாதாவியைக் கைப்பற்றிற்று. அப்பல்லவன் வாதாவி கொண்டவன் என்னும் பட்டம் பூண்டான். அவனுடைய கல்வெட்டொன்று பாதாமியின் பாறையிலே இன்றுஞ் சிதைந்த நிலையிற் காணப்படுகின்றது. வாதாவி எறிந்த பரஞ்சோதியாரும் திருஞானசம்பந்த சுவாமிகளும் ஒருகாலத்தவர் என்னும் புராணச்செய்தியைக் கொண்டே, கல்வெட்டாராய்ச்சியாளராகிய வெங்கையா அவர்கள் சம்பந்தர் காலம் ஏழாம் நூற்றாண்டென்று நிறுவினார். நம் நாயனார் ஒருவரது போர்ச்செலவு தமிழ்ச் சரித்திர காலவரையறைக்கே ஓர் ஊன்றுகோலாயிற்று.

இத்துணைப் பெரிய யுத்தத்தைச் சேக்கிழார் எவ்வளவிற் பாடினார்? ஒரு செய்யுளளவிலே பாடி முடித்தார். யானைகளை உந்திப் பழைய நகரைத் துகளாக்கியதும், மணியும் நிதியும் யானையும் குதிரையும் கவர்ந்து அரசன்முன் கொணர்ந்ததும் அவ்வளவிலே அடங்கிவிட்டன. போரைப் பாடும் வன்மை புலவர்க்கு இல்லையென்று யாரும் கூறார். ஏனாதிநாத நாயனார் புராணத்திலே போர்க்களத்தை அவர் விரித்த விரிவு யாவரும் அறிந்ததே. ஈண்டுச் சுருக்கியது வேண்டுமென்றே சுருக்கியதாம் என்பது எம் கருத்து. இதற்கு மறுதலையாகக் கல்கி அவர்கள் 1944 முதல் 1946 வரை எழுதிய சிவகாமியின் சபதம் என்னும் நவீனத்திலே பரஞ்சோதியின் வீரம் மிக விரிந்து நிற்கின்றது. படித்தற்கு இனிய நூலே. ஆயினும் அதில் வரும் பிரயாணங்களும் உரையாடல்களும் ஆசிரியருடைய கற்பனை. மாணவர் சிலர் அவற்றையே சரித்திரமென்று கொண்டு விடையெழுதுகின்றனர். ஆசிரியர்கள் வேறுபிரித்துக் காட்டுதல் வேண்டும்.

இனி, எம் பொருளுக்கு உயிர்நிலையாகிய பகுதிக்கு வருகின்றோம். வெற்றியோடு மீண்ட சேனாபதியின் ஆற்றலை அரசன் வியந்து புகழ்ந்தான். அருகிருந்த அமைச்சர், இவர் சிவபெருமானுக்குத் திருத்தொண்டு பூண்டவராதலின் இவர்க்கு எதிர்நிற்பார் இவ்வுலகில் இல்லையென்று எடுத்துரைத்தனர். அதுகேட்ட அரசன் மகிழ்ந்தானல்லன், நடுங்கினான். சிவனடியார் ஒருவரைக் கொடிய போர்முகத்திலே செலுத்திவிட்டோமே என்று வருந்தி, அது பொறுத்தருளும்படி சேனாபதியை வணங்கி வேண்டினான். பரஞ்சோதியாரோ, தம் மரபிற்கு உரிய தொழிலையே தாம் செய்ததாகவும் அதனால் வந்த தீங்கு யாதுமில்லையென்றும் பணிந்து விடை பகர்ந்தார். அரசன் அவ்வளவில் அமையாது, நிதிக்குவியலும், அழியாது வருவாய் தரும் விருத்திகளும் அளித்து, அவர் மனங்கொண்டபடியே திருத்தொண்டு செய்து வாழுமாறு வணங்கி விடைகொடுத்தான்.

வென்ற படைத்தலைவனுக்குப் பரிசளித்த வேந்தர் பலர். வென்றுவந்தவனிடம் அவனை ஏவியமைக்காக மன்னிப்பு வேண்டிய வேந்தர் எத்துணையர்? இங்கே அரசன் செய்தன மூன்று. தான் ஏவியதன் பாரத்தைத் தன்மேல் ஏற்றுக்கொண்டான். வாழ்வுக்கு வேண்டும் பொருளை ஒருநாட் கொடையாக அன்றி நிலைத்த விருத்தியாகக் கொடுத்தான். எஞ்சிய வாழ்நாளை எவ்வாறு கழிப்பதென்பதை அவர் விருப்பத்திற்கே விட்டான். ஓய்வூதியம், நிவாரணம் என்று இக்காலத்து அரசாங்கங்கள் வழங்குவன இவற்றுள் இரண்டாவது ஒன்றனையே சாரும். அதுவும் காலந்தாழ்த்தியும் குறைத்தும் வருதலை விதவையர் பலர் அறிவர்.

பழந்தமிழ்நாட்டில் வீரரைப் போற்றும் முறைகள் வேறும் இருந்தன. மாண்டவனுக்கு நடுகல் நாட்டும் முறையைத் தொல்காப்பியர் ஆறு பகுதியாக வகுத்தார். செங்கம் பக்கத்தே பல்லவர் காலத்து நடுகற்கள் பலவுள. அவற்றுட் பல, நிரைமீட்டு இறந்த ஊர்க்காவல் வீரர்க்கு எடுக்கப்பட்டவை. சிறந்த படைத்தலைவர்க்கு அரசர் ஏனாதி என்னும் பட்டமும் மோதிரமும் அளித்தனர். இறந்தவன் குடும்பத்தார்க்கு விடப்பட்ட நிலத்தை உதிரப்பட்டி என்று கல்வெட்டுக்கள் வழங்குகின்றன. உதிரத்திற்கு ஈடாக உழுநிலம். பெயரிலேயே காரணம் விளங்கவைத்த அம்முன்னோரின் நேர்மையைப் பாராட்டாமலிருக்க எம்மால் இயலவில்லை.

இந்த யுத்தத்தோடு நம் ஈழநாட்டிற்கும் ஒரு தொடர்புண்டு. அரசிழந்து காஞ்சியை அடைந்த மானவர்மன் என்னும் சிங்கள இளவரசன், நரசிங்கவர்மனிடம் ஊழியனாயமர்ந்து சளுக்கியரோடு நிகழ்ந்த போரிலே அவனுக்குத் துணைநின்றான் என்று மகாவம்சத்தின் பிற்பகுதி கூறுகின்றது. அந்நன்றிக்காகப் பல்லவன் இருமுறை படையுதவினான். முதன்முறை வென்ற நகர் நிலைக்கவில்லை. இரண்டாம் முறையிலே அநுராதபுரத்து அரசு அவன் கைப்பட்டது. அவன் ஆட்சி 684ஆம் ஆண்டளவிலே தொடங்கிற்று. ஒரே வேந்தனுக்காகப் போர்செய்தார் இருவருள் ஒருவர் கைம்மாறாக வேண்டியது அரசு. மற்றவர்க்கு வேண்டியிருந்தது செங்காட்டங்குடிக்குத் திரும்பும் வழி ஒன்றே.

திரும்பியவர் கணபதீச்சரத்து இறைவரை வழிபட்டு, திருவெண்காட்டு நங்கையாரோடு இல்லறம் நடாத்தினார். நாடோறும் அடியார்க்கு அமுதூட்டிய பின்னன்றித் தாம் உண்ணார். அரசன் அளித்த செல்வம் அடுக்களை வழியே அடியார் வயிற்றிற்குச் சென்றது. யானைப்படையை உந்தி நகரைப் பொடியாக்கிய கைகள் அடியார் கால்விளக்கும் கரகத்தை ஏந்தின. அடியார்முன் தம்மை மிகச் சிறியராக ஒழுகினமையாற் சிறுத்தொண்டர் என்னும் பெயர் ஊரிலே வழங்கிற்று; அப்பெயரே நிலைத்து, பரஞ்சோதி என்பது மறைந்தது. வாதாவியின் கதையை அவர் திண்ணையிலிருந்து யார்க்கேனும் உரைத்ததாகப் புராணத்தில் ஓரிடத்தும் இல்லை. வாதாவி கணபதியை அவரே கொணர்ந்தார் என்பது கூடச் செவிவழி வழக்கேயன்றிச் சேக்கிழார் வாக்கன்று.

சீராளதேவர் பிறந்து, மூன்றாம் ஆண்டு நிரம்பியபின் பள்ளிக்குச் செல்லத் தொடங்கினார். அக்காலையில் திருஞானசம்பந்தப் பிள்ளையார் செங்காட்டங்குடிக்கு எழுந்தருளினார். மூன்றாந் திருமுறையிலுள்ள பதிகமொன்றிலே சிறுத்தொண்டர் பெயரை அமைத்துப் பாடியருளினார். கல்லில் வெட்டிய பட்டம் சிதைந்தது. இப்பட்டம் ஓதுவார் நாவில் இருக்கின்றது.

பின் நிகழ்ந்தவை நம் ஆசிரியர்க்குப் புதியனவல்ல. வைரவ வேடங்கொண்டு வடதேசத்தவராக வந்த பெருமான், நாயனார் இல்லாத வேளையிலே மனையை அடைந்து, பெண்கள் தனித்திருக்கும் வீட்டிற் புகோமென்று கணபதீச்சரத்து ஆத்தியின்கீழ்ச் சென்றிருந்தார். அடியார் ஒருவரையும் காணாது வாடித் திரும்பிய நாயனார் அச்செய்தி கேட்டு விரைந்து சென்று அழைத்தார். ஒரு குடிக்கு ஒருமகனாய், ஐந்து வயதுடையவனாய், உறுப்பிற் குறையில்லாத பிள்ளையைத் தாய் பிடிக்கத் தந்தை அரிந்து, இருவரும் மனமுவந்து சமைத்த கறியே தமக்கு வேண்டுமென்றார் வந்தவர். பள்ளியிலிருந்து மகன் வந்தான். தாயார் அவனை மடியிற் கொண்டார். பெற்றோர் தன்னால் மகிழ்கின்றனர் என்று எண்ணிப் பிள்ளை சிரித்தது.

இவ்விடத்திலே கூசாத ஆசிரியர் இரார். அக்கூச்சத்தை மறைக்கவேண்டுவதில்லை. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், மருதமுனை முதலிய ஊர்களில் நம் அயலவராகிய முஸ்லிம்கள் ஆண்டுதோறும் ஹஜ்ஜுப் பெருநாளிலே, இறைவன் கட்டளைக்குப் பணிந்து மகனைப் பலியிடத் துணிந்த இப்றாஹீம் நபியை நினைந்து குர்பான் கொடுத்து, அவ்விறைச்சியை ஏழைகட்கும் பகிர்கின்றனர். அங்கே மகனுக்கு ஈடாக ஆடு வந்தது; இங்கே மகனே மீண்டு ஓடிவந்தான். வேற்றுமையும் பெரிது, இருசாரார்க்கும் நேர்ந்த சோதனையோ ஒன்றையொன்று ஒக்கும். இரண்டிலும் பிள்ளை பிழைத்தது. இதனைச் சொல்லாது கதையைப் பாதியில் நிறுத்தி மணியடிக்கவிடும் ஆசிரியர், பிஞ்சு மனத்திலே அச்சத்தை மட்டும் விட்டுச் செல்கின்றார். ஆதலின் ஒரே பாடவேளையில், சீராளன் பள்ளியினின்றும் வருபவனைப் போல ஓடிவந்து தந்தையின் கையிற் சேர்ந்ததுவரையும் சொல்லி முடித்தல் வேண்டும்.

அங்ஙனம் முடிக்கும்போது குடும்பத்தாரையும் மறத்தலாகாது. வந்தவர் தலைக்கறி இல்லையோ என்று வினவியபோது, நாயனாரும் நங்கையாரும் செயலற்று நின்றனர். அதுவும் வேண்டப்படலாமென்று முன்னரே கருதித் தனியே சமைத்துவைத்தவர் சந்தனத்தாதியார் என்னும் பணிப்பெண். பெருமான் உமையம்மையாரோடும் முருகவேளோடும் காட்சி கொடுத்தபின் தம்மோடு அழைத்துச் சென்றது நாயனாரை மட்டுமன்று. மனைவியாரையும் மகனையும் தாதியாரையும் உடன்கொண்டு சென்றார். தஞ்சைப் பெரியகோயிலிலே இராஜராஜ சோழன் காலத்தில் எழுந்தருளுவிக்கப்பெற்ற செப்புத் திருமேனிகளுள் வைரவரும், சிறுத்தொண்டரும், திருவெண்காட்டு நங்கையாரும், சீராளதேவரும் இருந்தமை அக்கோயிற் கல்வெட்டால் விளங்கும். பல தேசம் வென்ற சோழனுடைய கோயிலிலே முன்னாட் சேனாபதி ஒருவர் வாளோடு தனித்து நிற்கவில்லை. மனைவியும் மகனும் அருகிருக்க நின்றார். தாதியாரின் பெயரை அக்கல்லிலே காணோம். நாயனார் குருபூசை சித்திரைப் பரணி. அன்று வகுப்பிலோ கோயிலிலோ பேசுவார் அப்பெயரையும் சேர்த்துச் சொல்லின் நன்று.

இன்னுமொன்று. நாயனார் துகளாக்கியது கன்னட நாட்டின் தலைநகரை. அதே கன்னட நாட்டிலே, ஐந்து நூற்றாண்டின் பின் எழுந்த வீரசைவ அடியார்கள் அவரைச் சிரியாளர் என்று போற்றினர். பால்குரிகி சோமநாதர் தெலுங்கிலே செய்த பசவபுராணத்திலும் அவர் சரித்திரம் உண்டு. அங்கே அவர் மனைவியார் சங்களை எனப்படுவார். கதை அதுவே, அடியார் வருகையும், பிள்ளையும், அமுதும் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் வாதாவி இல்லை, யானைப்படை இல்லை. அவர்கள் கதையிலே சிரியாளர் காஞ்சிமாநகரத்து வணிகச் செட்டி.