ஈயத்தை உருக்கித் தமிழ் எழுத்து!

1706-ம் ஆண்டு ஜூலை மாதம் 9-ந் தேதி. தரங்கம்பாடிக் கடற்கரைக்கு ஒரு கப்பல் வந்து சேர்ந்தது. அதில் இரண்டு ஜெர்மன் பாதிரிமார் வந்தார்கள். ஒருவர் புளூட்சோ. மற்றவர் சீகன்பால்கு.

சீகன்பால்கு 1682-ல், ஜெர்மனியில் உள்ள புல்ஸ்னிட்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். அப்போது தரங்கம்பாடி டென்மார்க் நாட்டார் வசம் இருந்தது. அந்நாட்டு மன்னர் நான்காம் பிரெடரிக், மதப் பிரசாரத்துக்காக இருவரையும் அனுப்பினார்.

மணலில் எழுதினார்

சீகன்பால்குவுக்குத் தமிழில் ஓர் எழுத்துக் கூடத் தெரியாது. அதற்காக அவர் வெட்கப்படவில்லை. பள்ளிக்கூடச் சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்தார். மணலில் விரலால் எழுதிப் பழகினார்.

பிறகு ஏட்டுச் சுவடிகளைச் சேர்த்துப் படித்தார். கிறிஸ்தவ மதம் பற்றித் தமிழில் எழுதவும் தொடங்கினார். சம்பளத்துக்கு ஆள் வைத்து, அவற்றை ஓலையில் பிரதி எடுத்தார். ஒரு பிரதி எழுதவே நாட்கணக்கில் ஆயிற்று. செலவும் அதிகம்.

இதற்கிடையே டென்மார்க் தளபதிக்கும் அவருக்கும் தகராறு மூண்டது. 1708-ல் தளபதி அவரைச் சிறையில் அடைத்தார். நான்கு மாதம் கழித்தே வெளியே வந்தார்.

கப்பலைப் பிடித்தார்கள்

அவருடைய கஷ்டத்தை அறிந்த லண்டன் கிறிஸ்தவ சங்கம் ஒன்று, அச்சு இயந்திரம் அனுப்பியது. வழியில், பிரேசில் நாட்டில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்தார்கள். அங்கிருந்து மீண்டு வரும்போது, அச்சு வேலை தெரிந்தவர் நடுக்கடலில் இறந்து போனார். 1712-ல் இயந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது!

தமிழ் அச்சுக்கு அது முதல் முயற்சி அல்ல. 1578-லேயே கொல்லத்தில் ஒரு தமிழ் நூல் அச்சாகி இருந்தது.

தமிழ் எழுத்துக்களை ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்த்து அனுப்பினார்கள். 1713-ல் தரங்கம்பாடியில் தமிழ்த் துண்டுப் பிரசுரம் அச்சாயிற்று.

ஆனால் எழுத்துக்கள் மிகப் பெரியவை. காகிதத்தை விழுங்கின. காகிதமோ கப்பலில் வர வேண்டும்.

என்ன செய்வது? இங்கிலாந்தில் இருந்து பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈயத்தை உருக்கினார்கள். சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்த்தார்கள். பக்கத்து ஊரான பொறையாரில் காகித ஆலையும் வைத்தார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி முடிந்தது.

அச்சேறாத நூல்

அந்தப் பிரசுரங்கள் இங்குள்ள வழிபாட்டைக் கண்டித்தன. மக்கள் அவரோடு வாதாடினார்கள். அவரும் காது கொடுத்துக் கேட்டார். கேள்விகளை எழுதி அனுப்பி, மக்கள் எழுதிய பதில்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி 1713-ல் ஒரு பெரிய நூலே எழுதி, ஜெர்மனிக்கு அனுப்பினார்.

அங்கிருந்த பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அந்த மதத்தை ஒழிக்க அனுப்பினால், அதன் கதைகளை இங்கே பரப்புவதா என்று நினைத்தார்கள். நூலை அச்சிடாமல் வைத்து விட்டார்கள்.

1719-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 23-ந் தேதி சீகன்பால்கு காலமானார். வயது 36 தான். தாம் கட்டிய தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

தெய்வங்களைப் பற்றிய அவரது நூல், 1867-ல் சென்னையில் அச்சாயிற்று. ஊருக்கெல்லாம் அச்சிட்டுக் கொடுத்தவரின் நூல் அச்சேற, அவர் இறந்து 148 ஆண்டுகள் ஆயின!