பொக்ஸரின் பித்தளைக் கோது

மாத்தளை மாவட்டத்து லக்கலையிலே சில காலம் நான் ஆசிரியனாக இருந்தேன். களுகங்கை நீர்த்தேக்கம் அப்போது தோன்றவில்லை; இன்று நீருக்கடியில் கிடக்கும் பழைய பல்லேகம அன்று கடைவீதியும் கலகலப்புமாக விளங்கிற்று. என் அயல் வீட்டில் முதியவர் ஒருவர் வாழ்ந்தார். படைக்கலச் சாலையில் பணியாற்றி இளைப்பாறியவர். ஒரு மாலை அவர் தகரப் பெட்டியொன்றைத் திறந்து, கைத்துப்பாக்கித் தோட்டாவின் வெற்றுக் கோதுகள் மூன்றை என் உள்ளங்கையில் வைத்தார். ஒன்றின் அடி பருத்திருந்தது. மற்றொன்றின் வாய் பிளந்திருந்தது. மூன்றாவது நேராக நின்றது. இவற்றுள் மீண்டும் மருந்திட்டு நிரப்பத் தக்கது எது என்று கேட்டார். நான் விடையறியாது விழித்தேன். அந்த வினாவே எட்வேர்ட் மூனியர் பொக்ஸர் என்ற ஆங்கிலேயரின் வரலாற்றை நான் தேடிப் படிக்கக் காரணமாயிற்று.

பொக்ஸர் 1822ஆம் ஆண்டு பிறந்தவர். பிரித்தானியப் பீரங்கிப் படையில் அதிகாரியானவர். 1848இல், துவக்கு வரி முதலான புதிய வரிகளை எதிர்த்து மாத்தளை மக்கள் கிளர்ந்தெழுந்ததையும், புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டதையும் நாம் அறிவோம். அக்காலத்துத் துவக்குகள் குழல் வாய் வழியே மருந்தும் குண்டும் இட்டு இடிக்கப்பட்டவை. மழை நனைத்தால் மருந்து பாழ். ஒரு முறை சுட்டவன் மறுமுறை சுடுவதற்குள் பகைவன் அருகில் வந்துவிடுவான். மருந்து, குண்டு, தீப்பொறி ஆகிய மூன்றையும் ஒரே கோதினுள் அடக்கிப் பின்புறமாகச் செலுத்துவது எவ்வாறு என்பதே அந்நாளைய படைக்கல அறிஞரின் பெருங்கவலையாக இருந்தது.

1855இல் வூல்விச் படைக்கலச் சாலையின் அரச ஆய்வுகூடத்துக்குப் பொக்ஸர் தலைவரானார். அவர் அழிவுக் கருவிகளை மட்டும் ஆக்கினாரல்லர். உடைந்த கப்பலில் தத்தளிப்போருக்குக் கரையிலிருந்து கயிறு கொண்டுசெல்லும் இரட்டை வாணத்தையும் அவர் அமைத்தார். உயிர் பறிக்கும் மருந்தே உயிர் காக்கவும் உதவிற்று.

1866இல் ஸ்னைடர் துவக்குக்காக அவர் அமைத்த தோட்டாவே அவர் பெயரை நிலைநிறுத்தியது. மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருளாகச் சுற்றி உடலாக்கினார். இரும்பு வட்டை அடியாக்கினார். அதன் நடுவே வெடித்தொப்பியைப் பொருத்தினார். சுடும்போது சுருள் விரிந்து அறைச் சுவரோடு ஒட்டும். புகை பின்னோக்கிக் கசியாது. 1868இல் ஆடம்ஸ் கைத்துப்பாக்கிக்கும் இம்முறையிலேயே தோட்டா அமைந்தது.

கோதின் வேலை எளிதன்று. வெடிக்கும் கணத்தில் அது விரிய வேண்டும். மறுகணம் சற்றே சுருங்கி, அறையை விட்டு வழுவாது வெளிவர வேண்டும். விரியாதது புகையைக் கசியவிடும், சுருங்காதது சிக்கிக்கொள்ளும். பொக்ஸரின் சுருள் நன்கு விரிந்தது. ஆனால் உறுதியாக இல்லை. 1871இல் மார்ட்டினி ஹென்றி துவக்கு வந்தபோது, மருந்து மிகுந்தமையால் நேர்க்கோது அளவுக்கு மீறி நீண்டது. எனவே உடலைப் பருமனாக்கிக் கழுத்தை ஒடுக்கிப் போத்தல் வடிவமாக்கினர். மெல்லிய தகடு எளிதில் நெளிந்தது. நெளிந்த கோது அறைக்குள் புக மறுத்தது. சூட்டிலும் கரியிலும் ஒட்டிய கோதை இழுத்தால், அடிவட்டு கழன்று வர, உடல் உள்ளேயே தங்கிற்று.

1885 ஜனவரி 17இல் சூடானின் அபு கிளியா போர்க்களத்தில் இக்குறை வெட்டவெளிச்சமாயிற்று. சிக்கிய துவக்கை ஏந்தியபடி வீரர்கள் பகைவர்முன் நிற்க நேர்ந்தது. அதன்பின் ஒரே பித்தளைத் துண்டிலிருந்து இழுத்து வார்த்த கோதுகள் சுருட்கோதின் இடத்தைப் பிடித்தன. மணலும், சூடும், வலுவற்ற இழுகருவியும் அப்பழியில் பங்குடையன எனினும், பழியின் பெரும்பகுதி கோதின்மேலேயே விழுந்தது.

பொக்ஸர் அப்போது பதவியில் இல்லை. தம் கண்டுபிடிப்புகளுக்குத் தம் பெயரில் காப்புரிமை பெற்றிருந்தார். அரச பதவியும் தனி ஆதாயமும் ஒருவரிடத்தே சேரலாமா என்ற சர்ச்சையின் நடுவே 1869இல் விலகியிருந்தார். 1898இல் மறைந்தார். இவ்வளவோடு கதை முடிந்திருந்தால் அவரை உலகம் மறந்திருக்கும்.

மறவாமைக்குக் காரணம் அந்தச் சிறு வெடித்தொப்பியே. அடிபடும் பட்டடையைப் பொக்ஸர் தொப்பிக்குள்ளேயே வைத்தார். கோதின் அடியில் நடுவே ஒரே துளை போதுமாயிற்று. அமெரிக்கரான பெர்டன் பட்டடையைக் கோதிலேயே அமைத்து, அதன் இருபுறமும் துளையிட்டார். விந்தை யாதெனில், ஐரோப்பியப் படைகள் பெர்டன் முறையைப் பெரிதும் ஏற்க, அமெரிக்கா பொக்ஸர் முறையைத் தழுவிற்று! நடுத்துளை வழியே ஊசியொன்றைச் செலுத்தினால் பழைய தொப்பி கழன்றுவிடும். கோதுகளை மீண்டும் நிரப்புவோர் இன்று பொக்ஸர் முறையையே விரும்புவதன் காரணம் இதுதான்.

பித்தளையின் குணத்தையும் உலகம் மெல்ல மெல்லவே கற்றது. இந்தியாவில் மழைக்காலத்தில், குதிரை லாயங்களின் அருகே வைத்த தோட்டாக்கள் தாமாகவே வெடித்துக் கீறின. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அமோனியாவும், இழுத்து வார்த்தபோது உலோகத்துள் தங்கிய இறுக்கமும் சேர்ந்தே அக்கீறலை விளைத்தன என்பதை 1921இல் ஆய்வாளர் நிறுவினர். மென்சூட்டில் காய்ச்சி அவ்விறுக்கத்தைப் போக்குவதே மருந்தாயிற்று.

இத்தனையும் படித்தபின் முதியவரிடம் மீண்டும் சென்றேன். பிளந்த வாய்க்கு மருந்தில்லை; அதை வீசவேண்டும். பலமுறை விரிந்து ஒடுங்கிய பித்தளை இறுகி நொறுங்கும் தன்மை பெற்றுவிட்டது. பருத்த அடியை எஃகு அச்சில் அழுத்திப் பழைய உருவுக்குக் கொணரலாம். ஆனால் மெலிந்த சுவர் தடிப்பதில்லை. வெளியே அழகாகவும் உள்ளே ஆபத்தாகவும் இருப்பது அதுவே. எனவே மூன்றாவது கோது ஒன்றே தகும்; அதுவும் அளந்து பார்த்த பின்னரே. இவ்வாறு நான் சொன்னதும் முதியவர் புன்னகைத்துத் தகரப் பெட்டியை மூடினார்.

பொக்ஸரின் கோது தோற்றது. அவர் பதவியும் நிலைக்கவில்லை. அந்தச் சிறு தொப்பி மட்டும் நிலைத்தது. பெரிதாக எண்ணிச் செய்தது அழிய, சிறிதாகச் செய்தது வாழ்வதும் உண்டு. மாணவரின் ஒரு பிழையைக் கண்டு அவரை முழுதும் ஒதுக்க நினைக்கும்போதெல்லாம், லக்கலையின் அந்த மாலை என் நினைவில் எழுகின்றது.