விண்ணை ஆராய்ந்த குருவானவர் லெமேத்தர்

உலகம் உண்டான வரலாற்றைப் பள்ளியில் ஒருவிதமாகவும் ஞானோபதேச வகுப்பில் வேறுவிதமாகவும் கேட்கும் நம் பிள்ளைகள், எதை நம்புவது என்று நம்மிடம் வினவுகின்றனர். அவர்களுக்கு நாம் எடுத்துக்காட்டத் தக்கது பெல்ஜியம் நாட்டுக் குருவானவர் ஜார்ஜ் லெமேத்தரின் வாழ்க்கை.

1894ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் ஷார்லருவா நகரில் பிறந்த இவர், பொறியியல் பயிலும்போது முதல் உலகப் போர் மூளவே, பீரங்கிப் படையில் பணிபுரிந்து வீரப்பதக்கம் பெற்றார். போருக்குப்பின் கணிதத்தில் முனைவராகி, குருமடம் புகுந்து, 1923இல் கர்தினால் மெர்சியே ஆண்டகையின் கரங்களால் குருப்பட்டம் பெற்றார். பின்னர் லுவேன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

பேரண்டம் விரிந்துகொண்டே செல்கிறது என்று 1927இல் கணக்கிட்டு எழுதினார். அவ்வாண்டு அவரைச் சந்தித்த ஐன்ஸ்டீன், கணக்கு சரியே, ஆனால் இயற்பியல் ஏற்கத்தக்கதன்று என்றார். பின்னாளில் அவரும் அவ்விரிவை ஏற்றுக்கொண்டார். விரிவைப் பின்னோக்கிக் கணக்கிட்டால், யாவும் ஓர் ஆதி அணுவில் அடங்கும் என்று 1931இல் லெமேத்தர் கூறினார். இன்று பெருவெடிப்புக் கொள்கை என நாம் அறிவது இதன் வளர்ச்சியே. பேரண்டத்தின் வயது ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள் என்பது இன்றைய கணிப்பு.

குருவானவர் ஆதியாகமத்தை அறிவியலுக்குள் நுழைக்கிறாரோ எனச் சிலர் ஐயுற்றனர். மறுபக்கம், 1951இல் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர், இப்புதிய ஆய்வுகள் இறைவனின் படைப்புக்குச் சான்று பகர்வதாகப் பேசினார். வேறொருவராயின் பூரித்திருப்பார், லெமேத்தரோ கலங்கினார். தம் கொள்கை நாளை திருத்தப்படலாம். அதன்மேல் விசுவாசத்தைக் கட்டினால் அதுவும் ஆட்டங்காணுமே! பாப்பரசரின் அறிவியல் ஆலோசகரான சேசு சபைக் குருவிடம் இதுபற்றிக் கலந்து பேசினார். 1952இல் வானியலாருக்குப் பாப்பரசர் ஆற்றிய உரையில் அவ்வாறான கூற்று இடம்பெறவில்லை.

இருக்கும் பொருள் எவ்வாறு மாறி வந்தது என்பதை அறிவியல் அளந்து கூறும். ஒன்றுமில்லாமையினின்று எதுவும் ஏன் உண்டாயிற்று என்பது அதன் அளவுகோலுக்குள் வராது. ஆகவே, இறைவன் உண்டு என்று நிரூபிக்கவோ இல்லை என்று மறுக்கவோ தம் கொள்கையால் இயலாது என்பதில் அவர் உறுதியாயிருந்தார்.

1960 முதல் பாப்பிறை அறிவியல் கழகத்தின் தலைவராயிருந்த அவர், தம் கொள்கைக்கு வலுவூட்டும் விண்வெளிக் கதிர்வீச்சு கண்டறியப்பட்ட செய்தியை நோய்ப்படுக்கையில் கேட்டு, 1966 ஜூன் 20இல் இறைவனடி சேர்ந்தார். பேரண்ட விரிவின் விதியை இவர் பெயரையும் சேர்த்து வழங்குமாறு 2018இல் உலக வானியலார் பரிந்துரைத்தனர்.

பிள்ளைகள் கேள்வி கேட்கும்போது அஞ்சி வாயடைக்காமல், பாடநூலையும் வேதாகமத்தையும் அதனதன் இடத்தில் வைத்துக் கற்பிக்க நாம் முன்வருவோமாக.