சுங்கான் பிடித்த மன்னர்

ராஜா வந்தால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். எந்த நாட்டிலும் அதுதான் வழக்கம். ஆனால், தாம் வந்தாலும் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று ஒரு ராஜாவே சட்டம் போட்டார்!

அந்தச் சட்டம் ஒரே ஓர் அறைக்கு மட்டும்தான். அந்த அறையில் கூடிய கூட்டத்துக்குப் பெயர் புகையிலைச் சபை.

அந்த ராஜா, பிரஷ்யா நாட்டை ஆண்ட முதலாம் பிரெடரிக் வில்லியம். பிரஷ்யா என்ற பெயரில் இன்று நாடு எதுவும் இல்லை. அதன் தலைநகராக இருந்த பெர்லின், இப்போது ஜெர்மனியின் தலைநகரம்.

சிக்கன ராஜா

பிரெடரிக் வில்லியம் 1688-ஆம் ஆண்டு பெர்லினில் பிறந்தார். அவருடைய தந்தை ஆடம்பரப் பிரியர். விருந்து, விளக்கு, பட்டாடை என்று பணத்தைத் தண்ணீராகச் செலவழித்தவர்.

1713-இல் தந்தை இறந்தார். 24 வயது மகன் அரியணை ஏறினார். தந்தையின் இறுதிச் சடங்கை வெகு சிறப்பாக நடத்தினார். அதுதான் அந்த அரண்மனையின் கடைசி ஆடம்பரம். பிறகு, தேவையில்லாத வேலைக்காரர்களை வீட்டுக்கு அனுப்பினார். மிச்சம் பிடித்த பணத்தைப் படைக்குச் செலவிட்டார். ஏறக்குறைய 40 ஆயிரம் பேர் இருந்த படை, அவர் காலத்திலேயே 80 ஆயிரமாகப் பெருகியது.

அவரும் படைவீரரின் உடையைத்தான் அணிந்தார். அதனால் அவருக்குச் சிப்பாய் ராஜா என்று பெயர் வந்தது. குழந்தைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று 1717-இல் உத்தரவு போட்டவரும் இவரே.

இப்படிப்பட்ட சிக்கனக்காரருக்கும் ஓர் ஆசை இருந்தது. அதுதான் சுங்கான்.

மாலை நேர மகிழ்ச்சி

சுங்கான் என்பது புகையிலையை அடைத்துப் புகைக்கும் குழாய். அந்தக் காலத்தில் ஹாலந்து நாட்டில் செய்த களிமண் சுங்கான்களுக்கு நல்ல பெயர். அதன் தண்டு நீளமாக இருக்கும். புகை அந்த நீளத்தைக் கடந்து வருவதற்குள் சூடு தணிந்துவிடும். மண் ஆனதால், கை தவறினால் உடைந்துவிடும்.

பொழுது சாயும் நேரம் சபை கூடும். பெர்லினில் இருந்தால் பெர்லினில், போட்ஸ்டாமில் இருந்தால் போட்ஸ்டாமில், வேட்டைக்குப் போனால் வூஸ்டர்ஹாவுசன் மாளிகையில். தளபதிகளும் மந்திரிகளும் விருந்தாளிகளுமாகச் சிலர் வருவார்கள்.

அறையில் பட்டு மெத்தை கிடையாது. நீண்ட மேஜை, மரப் பெஞ்சு, முக்காலி. அவ்வளவுதான். மேஜைமேல் தட்டுகளில் நெருப்புக் கங்கு இருக்கும். அதில் சுங்கானைப் பற்ற வைத்துக்கொள்ளலாம். ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, ஆறிய இறைச்சி, பீர் எல்லாம் தயாராக இருக்கும். பரிமாற ஆள் இல்லை. வேண்டியவர் வேண்டியதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ராஜாவும் மற்றவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்தார். பகலெல்லாம் அவர் முகத்தைப் பார்க்கவே நடுங்கியவர்கள், அங்கே அவரை எதிர்த்தும் பேசினார்கள். பழைய போர்க் கதைகள், வேட்டைக் கதைகள், வெளிநாட்டுச் செய்திகள் என்று பேச்சு ஓடும். தூங்கப் போகும் முன், இளவரசர்கள் அங்கே வந்து தந்தையிடம் விடைபெற்றுச் செல்வார்கள். அறை முழுதும் புகை மேகம்!

புகையிலை உடலுக்குக் கேடு என்பதை இன்று சிறுவர்களும் அறிவார்கள். அன்று அதை அறிந்தவர் மிகக் குறைவு. அந்த மன்னருக்கு அது நாள் முழுதும் உழைத்த களைப்பைப் போக்கும் இன்பம்.

வெறும் சுங்கான்

புகைக்காதவர்களும் அந்தச் சபையில் இருந்தார்கள். மன்னரின் நெருங்கிய நண்பர் லியோபோல்டு என்ற சிற்றரசர். வீரத்தில் பெயர் பெற்ற தளபதி. அவருக்குப் புகை பிடிக்காது. ஆனாலும் நண்பரின் மனம் நோகக் கூடாது என்று, நெருப்பில்லாத சுங்கானை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இன்னொருவரும் அப்படியே நடித்தார். அவர் பெயர் செக்கண்டார்ப். ஆஸ்திரியப் பேரரசரின் தூதராக 1726-இல் வந்தவர். மன்னரைத் தம் எஜமானர் பக்கம் இழுப்பதே அவர் வேலை. மன்னரின் மந்திரி கிரும்கோ ஆஸ்திரியாவிடம் ரகசியமாகப் பணம் பெற்று அவருக்கு உதவினார். அதே ஆண்டு ஆஸ்திரியாவுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது.

இங்கே ஒளிவு மறைவு இல்லை என்று மன்னர் நம்பிய இடத்தில், பக்கத்திலேயே உட்கார்ந்து ஏமாற்றினார்கள். லியோபோல்டின் சுங்கானும் வெறும் சுங்கான்தான். தூதரின் சுங்கானும் வெறும் சுங்கான்தான். ஒன்று அன்புக்காக, மற்றொன்று காரியத்துக்காக. மன்னரால் வேறுபாடு காண முடியவில்லை.

சிரிப்புக்கு ஒருவர்

அந்தச் சபையில் மனம் வெந்தவர் ஒருவர் உண்டு. அவர் பெயர் குண்ட்லிங். நன்கு படித்த வரலாற்று ஆசிரியர். செய்தித்தாள்களை வாசித்து விளக்கம் சொல்வது அவர் வேலை. ஆனால் மன்னருக்குப் புத்தகப் படிப்பில் மதிப்பு இல்லை. குண்ட்லிங்குக்கு அளவுக்கு மீறிக் குடிக்கக் கொடுத்தார்கள். குடித்தபின் கேலி செய்தார்கள். பிரஷ்யாவின் அறிவியல் கழகத்துக்கே அவரைத் தலைவராக்கினார் மன்னர். அதுவும் படிப்பாளிகளை இகழ்வதற்காகத்தான்.

குண்ட்லிங் தப்பி ஓடியும் பார்த்தார். திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். 1731-இல் அவர் இறந்தபோது, சவப்பெட்டிக்குப் பதிலாக ஒரு மதுப் பீப்பாயில் வைத்துப் புதைத்தார்கள். அந்தச் சடங்கில் கலந்துகொள்ளப் பாதிரிமார்கள் மறுத்துவிட்டார்கள்.

எல்லோரும் சமம் என்ற அறையில், ஒருவர் மட்டும் சமமாக இல்லை.

தந்தையும் மகனும்

மூத்த இளவரசர் பிரெடரிக்குக்குப் புகை ஆகாது. புல்லாங்குழலும் பிரெஞ்சுப் புத்தகங்களும்தான் அவருக்கு உயிர். இது ஆண்மைக்கு அழகல்ல என்று தந்தை கோபித்தார். பலர் முன்னிலையில் அடிக்கவும் செய்தார்.

1730-இல், 18 வயதில், இளவரசர் நாட்டைவிட்டு ஓட முயன்று பிடிபட்டார். உதவிய நண்பர் காட்டேக்கு இராணுவ நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. அது போதாது என்றார் மன்னர். அதே ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள் காட்டேயின் தலை வெட்டப்பட்டது. கோட்டையில் சிறையிருந்த இளவரசரை ஜன்னல் வழியே பார்க்கச் செய்தார்கள். அவர் மயங்கி விழுந்தார்.

யாரோடும் முக்காலியில் சமமாக உட்காரத் தெரிந்த மன்னருக்கு, பெற்ற மகனோடு அப்படி உட்காரத் தெரியவில்லை.

எழுந்து நின்றார்கள்

ஆண்டுகள் ஓடின. மன்னரைக் கீல்வாதமும் நீர்க்கோவையும் வாட்டின. 1740-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் நடந்ததாக ஒரு நிகழ்ச்சியைச் சொல்வார்கள்.

ஒரு மாலை சபை கூடியிருந்தது. நோயாளி மன்னரும் இருந்தார். அப்போது பட்டத்து இளவரசர் உள்ளே வந்தார். சபையோர் எல்லோரும் சட்டென்று எழுந்து நின்று வணங்கினார்கள்!

மன்னரின் முகம் சிவந்தது. தாம் வந்தபோது எழாதவர்கள், நாளை ராஜாவாகப் போகிறவருக்கு எழுந்துவிட்டார்கள். தம் காலம் முடிந்தது என்று அவருக்குப் புரிந்தது. சினத்தோடு சபையை விட்டு வெளியேறினார்.

கடைசி நாட்களில் தந்தையும் மகனும் மனம் ஒன்றினார்கள் என்பது ஓர் ஆறுதல். 1740 மே 31-ஆம் நாள் மன்னர் போட்ஸ்டாமில் கண்ணை மூடினார். கஜானாவில் 80 லட்சம் தாலர் வெள்ளிப் பணம் இருந்தது.

மகன் பிரெடரிக் பட்டத்துக்கு வந்தார். பிற்காலத்தில் மகா பிரெடரிக் என்று உலகப் புகழ் பெற்றார். புகையிலைச் சபை அவர் காலத்தில் நடக்கவில்லை. ஆனால் புகையிலை அவரையும் விடவில்லை. மூக்குப்பொடி என்றால் அவருக்கு உயிர்! வைரம் பதித்த பொடி டப்பாக்களை ஆசை ஆசையாகச் சேர்த்து வைத்தார்.

வூஸ்டர்ஹாவுசன் மாளிகை இன்று ஒரு காட்சிசாலை. புகையிலைச் சபையைக் காட்டும் ஓவியம் ஒன்று அங்கே இருக்கிறது. நீண்ட மேஜை, கையில் சுங்கான்கள், சுற்றிலும் மனிதர்கள். பார்த்தால் எல்லோரும் நண்பர்களாகத்தான் தெரிகிறார்கள்.