இரண்டு பென்னிக்கு ஷேக்ஸ்பியர்

ஷேக்ஸ்பியர் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பாடப் புத்தகமும், மனப்பாடம் செய்த போர்ஷியாவின் பேச்சும், அதைத் தொடர்ந்து வரும் பரீட்சையும்தான். ஆண்டு விழாவில் அந்த நீதிமன்றக் காட்சியை நாமே வேடமிட்டு நடித்தபோதுதான், இது படிப்பதற்கு மட்டும் எழுதப்பட்டதன்று, பார்ப்பதற்கும் எழுதப்பட்டது என்று விளங்கியது. ஆனால் பார்ப்பதற்குப் பணம் வேண்டுமே! பணம் இல்லாதவர்களும் நல்ல நாடகம் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வாழ்ந்து முடிந்த ஒரு பெண்மணியின் வரலாற்றை இங்கே கூற விழைகிறோம். அவர்தான் லில்லியன் பேலிஸ் அம்மையார்.

1874ஆம் ஆண்டு மே மாதம் 9ஆம் நாள் லண்டன் மாநகரில் அவர் பிறந்தார். தந்தை பாடகர், தாய் பாடகியும் பியானோக் கலைஞரும் ஆவார். பல பிள்ளைகள் உள்ள வீடு, நிலையான வருமானம் இல்லை. மூத்த மகளான லில்லியனுக்கு முறையான படிப்பு அதிகம் வாய்க்கவில்லை. 1891இல் குடும்பமே தென் ஆப்பிரிக்கா சென்று, ஊர் ஊராகக் கச்சேரி செய்து பிழைத்தது. பின்னர் ஜொஹானஸ்பர்க் நகரில் லில்லியன் இசையும் நடனமும் கற்பித்து வந்தார். உடல்நலம் குன்றி 1897இல் லண்டன் திரும்பியபோது அவருக்கு வயது 23. அவரைத் தம்முடன் இருத்திக்கொண்டவர் தாயின் சகோதரி எம்மா கோன்ஸ்.

இந்தப் பெரியம்மாவைப் பற்றிச் சிறிது சொல்லாமல் மேலே போக முடியாது. லண்டன் ஏழைகளின் குடியிருப்புகளைச் சீர்திருத்தப் பாடுபட்டவர் அவர். தேம்ஸ் நதியின் தென்கரையில், வாட்டர்லூ சாலையில், 1818இல் கட்டப்பட்ட பழைய நாடகக் கொட்டகை ஒன்று இருந்தது. குடியும் கூச்சலும் அங்கே வழக்கம். எம்மா அம்மையார் 1880இல் அதை எடுத்து நடத்தத் தொடங்கி, மதுவை ஒழித்து, காப்பி கொடுத்து, ஏழைக் குடும்பங்கள் அச்சமின்றி வந்து பாட்டுக் கேட்கும் இடமாக மாற்றினார். அங்கே நடந்த ஒரு பென்னி விரிவுரைகளிலிருந்தே, தொழிலாளர் கற்கும் மார்லி கல்லூரி உருவாயிற்று.

லில்லியன் அங்கே நிர்வாகப் பொறுப்பில் அமர்ந்தார். கொட்டகைக்கு நாடக லைசென்ஸ் கிடையாது. ஆகவே இசை நாடகங்களை முழுமையாக நடிக்க முடியாமல், பகுதி பகுதியாகப் பாடிக் காட்டினார்கள். 1912இல் எம்மா அம்மையார் மறைந்தார். அதே ஆண்டில் லில்லியன் லைசென்ஸ் பெற்றார். 1914இல், உலகப் போர் மூண்ட அதே ஆண்டில், ஷேக்ஸ்பியரை மேடையேற்றத் துணிந்தார்.

துணிவு என்று தெரிந்தேதான் சொல்கிறோம். அந்தச் சந்தைப் பேட்டையில் யார் வந்து ஷேக்ஸ்பியர் பார்ப்பார்கள் என்று பலரும் ஐயுற்றார்கள். இத்தனைக்கும் லில்லியன் ஷேக்ஸ்பியரை ஆழ்ந்து கற்றவர் அல்லர். நல்லதைக் குறைந்த விலைக்குக் கொடுத்தால் ஏழைகள் வருவார்கள் என்ற ஒரே நம்பிக்கைதான் அவருடைய முதல். கேலரியில் அமர இரண்டு பென்னி போதும். தள்ளுவண்டிக்காரர்களும் தையல்காரப் பெண்களும் வந்தார்கள். ஹாம்லெட் இறுதியில் என்ன ஆவான் என்று அறியாமலே வந்தவர்கள் அவர்களில் பலர். அப்படி அறியாமல் பார்க்கும் பாக்கியம், கதைச் சுருக்கத்தை முதலில் படித்துவிடும் நமக்கு இல்லை!

நடிகர்கள் போர்முனைக்குச் சென்றதால் பெண்கள் ஆண் வேடம் கட்டினார்கள். பின்னாளில் பெரும் புகழ் பெற்ற சிபில் தார்ன்டைக் அம்மையார் இளவரசர் ஹாலாகவும், லியர் மன்னரின் விதூஷகனாகவும் நடித்தது இந்த மேடையில்தான். விமானங்கள் குண்டு வீசிய இரவுகளிலும் காட்சிகள் நடந்தன. இயக்குநர் பென் கிரீட், லண்டன் பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே பகல் காட்சிகள் ஏற்பாடு செய்தார். வகுப்பில் வரி வரியாகப் படித்ததை ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கண்ணெதிரே கண்டார்கள். ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் தொகுப்பு 1623இல் வெளிவந்தது. அதன் 300ஆம் ஆண்டான 1923இல், அதிலுள்ள 36 நாடகங்களையும் நடித்து முடித்த பெருமை இந்த 'ஓல்ட் விக்' கொட்டகையைச் சேர்ந்தது.

அம்மையாரின் தோற்றம் கம்பீரமானதன்று. குட்டையான பருத்த உடல், மூக்குக் கண்ணாடி, ஒரு பக்கம் சற்றே கோணிய வாய். மேடையின் ஓரத்திலேயே அடுப்பு வைத்துச் சாஸேஜ் பொரிப்பார். மேடையில் சோகக் காட்சி நடக்கும்போது அந்த மணம் சபைக்குள் பரவுமாம்! பருவத்தின் கடைசி இரவில் திரைக்கு முன் வந்து நின்று, காலி இருக்கைகளுக்காகச் சபையோரையே கடிந்துகொள்வார். எதையும் ஜெபத்தில் கேட்டுப் பெறுவது அவர் வழக்கம். நல்ல நடிகராகவும் மலிவானவராகவும் ஒருவரை அனுப்பும்படி அவர் கடவுளை வேண்டிக்கொண்டார் என்று நடிகர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

சிரிப்புக்குப் பின்னால் ஒரு வருத்தமும் உண்டு. சம்பளம் மிகக் குறைவு. உடை மாற்றிக்கொள்ளக்கூட இடமில்லை. ஏனெனில் மேடைக்குப் பின்னால் இருந்த அறைகள் 1924 வரை மார்லி கல்லூரியின் வசம் இருந்தன. ஏழைகளின் இரண்டு பென்னி டிக்கெட்டுக்கான மீதி விலையை உண்மையில் செலுத்தியவர்கள் அந்த நடிகர்களே. அது முற்றும் நியாயமென்று நமக்குத் தோன்றவில்லை. தமக்கென்றும் அவர் எதுவும் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தொழுநோயாளர் இல்லம் ஒன்றுக்குத் தம் குழுவினரை அழைத்துச் சென்று, வெளியே வர இயலாத அவர்கள் முன்னும் நடிக்கச் செய்தவர் அவர்.

தென்கரை ஏழைகளுக்குக் கிடைத்தது வடக்கு லண்டன் ஏழைகளுக்கும் வேண்டும் என்று, பாழடைந்து கிடந்த ஸாட்லர்ஸ் வெல்ஸ் கொட்டகைக்காகப் பல்லாண்டுகள் நிதி திரட்டினார். 1931 ஜனவரி 6ஆம் நாள், கடன் சுமையோடுதான், அது திறக்கப்பட்டது. ஷேக்ஸ்பியருக்கு அங்கே கூட்டம் சேரவில்லை. இசை நாடகமும், நினெட் டி வால்வா அம்மையார் பயிற்றுவித்த பாலே நடனமும் அங்கே வேரூன்றின. அந்தச் சிறு நடனக் குழுவே 1956இல் ராயல் பாலே என்று பெயர் பெற்றது.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் 1924இல் அவருக்கு கௌரவ எம்.ஏ. பட்டம் அளித்தது. பட்டத்துக்குரிய அந்த அங்கியை விசேஷ நாட்களில் அணிந்துகொள்வதில் அவருக்குக் குழந்தையைப் போன்ற மகிழ்ச்சி.

1937 நவம்பர் 25ஆம் நாள் அம்மையார் மாரடைப்பால் காலமானார். மறுநாள் மாலை லாரன்ஸ் ஒலிவியர் நடிக்கும் மாக்பெத் அரங்கேற வேண்டும். நிறுத்திவிடலாமா என்ற கேள்வி எழாமல் இருந்திருக்காது. ஆயினும் குறித்த நாளில் திரை விலகியது. அதே ஒலிவியர் தலைமையில் பிரிட்டனின் தேசிய நாடகக் குழு 1963இல் அதே கொட்டகையில் தொடங்கப்பட்டது. 1970இல், அதே தெருவில் சிறிது தூரத்தில், இளைஞர்களுக்கென்று குறைந்த கட்டணத்தில் 'யங் விக்' என்னும் அரங்கம் எழுந்தது. முன்பு அங்கே ஒரு கசாப்புக் கடை இருந்தது. அந்தக் கடையின் பழைய ஓடுகள் பதித்த வாசல் வழியாகத்தான் இன்றும் பிள்ளைகள் நாடகம் பார்க்க உள்ளே போகிறார்கள்.