வன்தட்டோடு சிங்கப்பூர் வந்தவர்

என் மேசைக் கணினி கண்விழித்து வேலைக்குத் தயாராக நான்கு நிமிடம் ஆகிக்கொண்டிருந்தது. பல்கலைக்கழக விடுமுறையில் அதன் வன்தட்டை மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். சிராங்கூன் சாலையிலிருந்து நடந்தே சிம் லிம் ஸ்குவேருக்குப் போய் ஓர் எஸ்எஸ்டி வாங்கிவந்தேன்.

பலர் பயப்படும் அளவுக்கு இது பெரிய வேலை இல்லை. பழைய தட்டில் இருப்பதை இயங்குதளத்தோடு சேர்த்து அப்படியே புதியதில் படியெடுக்க வேண்டும். கோப்புகளை மட்டும் இழுத்துப் போட்டால் கணினி கிளம்பாது. எங்கிருந்து தொடங்குவது என்ற குறிப்பு தட்டில் தனியாக ஒரு பகுதியில் இருக்கிறது. அதுவும் கூடவே வந்தாக வேண்டும். பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, பழையதைக் கழற்றி, இரண்டு கம்பிகளைப் புதியதில் மாட்டினால் போதும். பழைய தட்டைச் சில வாரங்களுக்காவது அழிக்காமல் வைத்திருங்கள்.

கழற்றிய தட்டின் மேல் சீகேட் என்ற பெயரும், தயாரான நாடு தாய்லாந்து என்ற குறிப்பும் இருந்தன. அதைப் பார்த்த என் பெரியம்மா, அந்தக் காலத்தில் இதில் சிங்கப்பூர் என்றுதான் போட்டிருக்கும் என்றார். 1980களில் அங் மோ கியோவில் ஒரு வன்தட்டு ஆலையில் வேலை பார்த்தவர் அவர். கணினிப் பொறியியல் படிக்கும் எனக்கு அவர் சொல்லித்தான் இது தெரியவந்தது. அந்தத் தொழிலின் தொடக்கத்தைத் தேடிப் படித்தபோது எதிர்ப்பட்ட மனிதர்தான் அலன் ஷூகார்ட்.

1930 செப்டம்பர் 27ஆம் தேதி லாஸ் ஏஞ்சலிசில் பிறந்தார். ரெட்லண்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் இயற்பியல் படித்து 1951ல் பட்டம் பெற்ற மறுநாளே ஐபிஎம்மில் சேர்ந்துவிட்டார். வாடிக்கையாளர்களின் இடத்துக்கே போய் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது அவருடைய முதல் வேலை. சில ஆண்டுகளில் சான் ஹோசே ஆய்வுக்கூடத்துக்கு மாற்றலானார். அங்கே உருவாகிக்கொண்டிருந்தது ராமாக். 1956ல் வெளிவந்த அந்தக் கணினியில்தான் உலகின் முதல் வன்தட்டு இருந்தது. 24 அங்குல அகலத் தட்டுகள் 50, ஒன்றின்மேல் ஒன்றாகச் சுழலும். எடை ஒரு டன்னுக்கும் மேல். அதில் அடங்கியவை 50 லட்சம் எழுத்துகள். இன்று நாம் கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் அவ்வளவு இடத்தை விழுங்கிவிடும்.

ஐபிஎம்மில் 18 ஆண்டுகள் இருந்தார். நெகிழ்வட்டை உருவாக்கிய குழுவும் அவருடைய பொறுப்பில்தான் வேலையைத் தொடங்கியது. 1969ல் மெமொரெக்ஸ் நிறுவனத்துக்கு மாறினார். ஐபிஎம் பொறியாளர்கள் பலரும் அவர் பின்னால் போனார்கள். 1973ல் தன் பெயரிலேயே ஷூகார்ட் அசோசியேட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே முதலீட்டாளர்களுடன் மோதல். தன் பெயரைத் தாங்கிய நிறுவனத்தைவிட்டு அவரே வெளியேற வேண்டியதாயிற்று.

அப்போது அவருக்கு 44 வயது. நண்பர்களோடு சேர்ந்து சாண்டா குரூஸ் ஊரில் ஒரு மதுக்கூடம் வைத்தார். படகு ஒன்றை வாங்கி சால்மன் மீன் பிடிக்கப் போனார். எனக்குப் பிடித்த பகுதி இதுதான். வேலை அனுபவப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும்போது தன்விவரக் குறிப்பில் ஒரு மாத இடைவெளி விழுந்தாலே நானும் என் நண்பர்களும் பதறுகிறோம். ஷூகார்ட்டின் குறிப்பில் மீன்பிடிப் படகு இருக்கிறது.

1979ல் பினிஸ் கானர் உள்ளிட்ட சிலருடன் மறுபடியும் நிறுவனம் தொடங்கினார். பழைய பெயர் அப்போது ஜெராக்ஸ் வாங்கிவிட்ட நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்ததால், புதியதற்கு சீகேட் என்று பெயர் அமைந்தது. 1980ல் எஸ்டி-506 வந்தது. கொள்ளளவு 5 மெகாபைட், விலை 1,500 அமெரிக்க டாலர். ராமாக்கில் ஓர் அலமாரி அளவுக்கு இருந்தது, ஐந்தேகால் அங்குல நெகிழ்வட்டு இயக்கி உட்காரும் அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டது. கணினி தயாரிப்பாளர்கள் பெட்டியை மாற்ற வேண்டியிருக்கவில்லை. நெகிழ்வட்டு இயக்கி இருந்த பொந்தில் இதைச் செருகினால் போதும். அதன் இணைப்பு முறையை மற்ற நிறுவனங்களும் பின்பற்றின. எவர் செய்த தட்டையும் எவருடைய கணினியிலும் மாட்டலாம் என்ற வழக்கம் அதிலிருந்து வளர்ந்தது. இன்று ஒரு மாணவன் வீட்டில் உட்கார்ந்து தட்டு மாற்ற முடிகிறதென்றால் காரணம் இந்தப் பொதுவான அளவுகள்தான். அவர் புகழைக் கொள்ளளவு மெகாபைட்டில் அளப்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

விரைவில் போட்டி நிறுவனங்கள் பெருகின, விலை சரிந்தது. சீகேட் 1982ல் சிங்கப்பூருக்கு வந்தது. இங்கே கூலி குறைவு. ஆங்கிலம் தெரிந்த தொழில்நுட்பர்கள் இருந்தார்கள். வன்தட்டு எடை குறைந்த, விலை உயர்ந்த பொருள் என்பதால் விமானத்தில் அனுப்புவது கட்டுப்படியானது. 1984ல் நிறுவனம் உற்பத்தியை இங்கே மாற்றி, கலிபோர்னியாவில் சுமார் 900 பேரை வேலையிலிருந்து நீக்கியது. பின்னாலேயே மற்ற வன்தட்டு நிறுவனங்களும் வந்து சேர்ந்தன. 1990களில் உலகில் தயாரான வன்தட்டுகளில் ஏறக்குறைய பாதி இந்தச் சின்னத் தீவிலிருந்து போனது.

பெரியம்மா பார்த்த வேலை சுத்த அறையில். வன்தட்டில் படிக்கும் முனை, சுழலும் தட்டைத் தொடாமல் அதற்கு மேல் மிதக்கிறது. அந்த இடைவெளி புகைத் துகளைவிடச் சிறியது. ஒரு தூசி புகுந்தாலும் தட்டு கீறிப்போகும். அதனால் உச்சி முதல் பாதம் வரை வெள்ளை அங்கி, முகத்திரை, கையுறை. பவுடர் பூசக்கூடாது, தலையில் பூ வைக்கக்கூடாது. நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து எட்டு மணி நேரம் முனைகளைப் பொருத்துவார்களாம். தமிழ், மலாய், சீனப் பெண்கள் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். ஜொகூரிலிருந்து பேருந்தில் வருபவர்களும் உண்டு. சம்பளம் வந்த வாரக் கடைசியில் தேக்கா போய் மல்லிகைப்பூ வாங்கித் தலை நிறைய வைத்துக்கொள்வது அவருக்குத் தனி மகிழ்ச்சி. அந்தச் சம்பளத்தில்தான் என் அம்மா பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தார்.

இந்த இடத்தில் ஷூகார்ட்டை எப்படி எடைபோடுவது என்று எனக்குக் குழப்பம் வருகிறது. என் குடும்பம் முன்னேறியது, கலிபோர்னியாவில் யாரோ இழந்த வேலையால். 1990களின் இறுதியில் பெரியம்மாவின் பிரிவும் வேறு நாட்டுக்கு மாறியது. நல்லவேளையாக அவருக்கு ஒரு பள்ளிச் சிற்றுண்டிக் கடையில் வேலை கிடைத்தது. ஷூகார்ட் கெட்டவர் என்று சொல்ல முடியவில்லை. ஆனால் அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் ஹவாய்ச் சட்டைக்கும் வேடிக்கைக்கும் கிடைக்கும் இடம் அந்த 900 பேருக்குக் கிடைப்பதில்லை.

வேடிக்கைக்கு அவரிடம் பஞ்சமே இல்லை. 1996ல் எர்னஸ்ட் என்ற தன் நாயை அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தலில் நிறுத்த முயன்றார். அனுமதி கிடைக்கவில்லை, நடந்ததைப் புத்தகமாக்கிவிட்டார். 2000ல், யாருக்கும் வாக்கில்லை என்று குறிக்கும் வசதியைக் கலிபோர்னிய வாக்குச்சீட்டில் சேர்க்கும் முன்மொழிவுக்கு முன்னின்றார். மக்கள் அதைத் தோற்கடித்தார்கள். அதற்கு முன்பே, 1998 ஜூலையில் சீகேட் இயக்குநர் சபை அவரைத் தலைமைப் பதவியிலிருந்து இறக்கியிருந்தது. தான் தொடங்கிய நிறுவனத்தைவிட்டு வெளியேறியது இது இரண்டாவது முறை.

இதய அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கலால் 2006 டிசம்பர் 12ஆம் தேதி மான்டரேயில் காலமானார். வயது 76. சீகேட் தன் அங் மோ கியோ ஆலையை மூடப்போவதாக 2009ல் அறிவித்தது. சுமார் 2,000 பேர் வேலை இழந்தார்கள். ஆனால் நிறுவனம் இங்கிருந்து போய்விடவில்லை. உட்லண்ட்ஸில் தட்டுகள் தயாராகின்றன. ஆயர் ராஜா கிரசெண்டில் 2015ல் ஒரு வடிவமைப்பு நிலையம் திறக்கப்பட்டது. அந்தக் கட்டடத்தின் பெயர் ‘தி ஷூகார்ட்’. ஒன்-நார்த் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம்.