ஓட்டோ யெஸ்பெர்சன்

ஓட்டோ யெஸ்பெர்சன் (ஜூலை 16, 1860 – ஏப்ரல் 30, 1943) டென்மார்க் நாட்டைச் சேர்ந்த மொழியியலாளர் ஆவார். ஆங்கில இலக்கணத்தை இலத்தீன் இலக்கணத்தின் அச்சில் வார்க்காமல், அம்மொழியின் வழக்கைக் கொண்டே விளக்கியவர்.

வாழ்க்கை

ராண்டர்ஸ் என்னும் ஊரில் பிறந்தார். முதலில் சட்டம் பயின்று, பின்னர் மொழிக் கல்விக்கு மாறினார். அக்காலத்தில் டென்மார்க் நாடாளுமன்றத்தில் சுருக்கெழுத்தாளராகப் பணிபுரிந்து பொருளீட்டினார். 1893 முதல் 1925 வரை கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தார்.

காலமும் வினைவடிவமும்

நிகழ்ச்சி நடக்கும் காலம் வேறு, அதைக் கூறும் வினையின் வடிவம் வேறு என்பது இவரது அடிப்படைக் கொள்கை. 'ஐ விஷ் ஐ ஹேட் மணி' என்னும் தொடரில் 'ஹேட்' இறந்தகால வடிவம். எனினும் பேசுபவரிடம் இப்பொழுது பணம் இல்லை என்பதையே அது உணர்த்துகிறது.

ஆங்கில வினைச்சொல் தானே திரிந்து காட்டும் காலங்கள் நிகழ்காலம், இறந்தகாலம் ஆகிய இரண்டே என்றும், எதிர்காலத்திற்குத் தனி வடிவம் இல்லை என்றும் கூறினார். 'வில்' என்னும் துணைவினையில் விருப்பம் என்ற பழம்பொருள் முற்றிலும் மறையவில்லை என்பதைச் சுட்டிக்காட்டினார்.

'வாஸ் ரைட்டிங்' போன்ற தொடர்வினைகளை, மற்றொரு நிகழ்ச்சியைச் சூழ்ந்து நிற்கும் காலச் சட்டகமாக விளக்கினார். ஒருவர் வந்தபொழுது மற்றவர் எழுதிக்கொண்டிருந்தார் எனில், எழுதுதல் அவ்வருகைக்கு முன்பே தொடங்கியது, அப்பொழுது முடிந்திருக்கவில்லை.

நூல்கள்

'இலக்கணத்தின் மெய்யியல்' 1924இல் வெளிவந்தது. 'வரலாற்று நெறியில் தற்கால ஆங்கில இலக்கணம்' 1909 முதல் 1949 வரை ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. அதன் நான்காம் தொகுதி (1931) வினைக்காலங்களை ஆராய்கிறது. இறுதித் தொகுதி இவரது மறைவுக்குப் பின் வெளியானது. காலத்தையும் வினைவடிவத்தையும் பிரித்தறியும் முறையை இன்றைய ஆங்கில இலக்கண நூல்கள் பலவும் பின்பற்றுகின்றன.